ஃபர்னஸில் சிவப்பு அட்டை, வீடு குளிர்கிறது: அவசரம்

புதியவன்: கனடாவில், டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் எங்களுக்கு முதல் குளிர்காலம். நேற்று எரிவாயு நிறுவனத்து ஆள் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பார்த்துவிட்டு, ஆபத்து என்று சிவப்பு அட்டையைக் கட்டி வாயுவை மூடிவிட்டார். போன கோடையில்தான் ஏசியோடு சேர்த்துப் புதிதாக மாட்டினார்களாம். கைக்குழந்தை இருக்கிறது. புதிய ஃபர்னஸ் என்ன விலை?

மார்க்கம் அக்கா: தம்பி, நாங்கள் வந்த புதிதில் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டி, ஜாக்கெட்டோடு படுத்துக் குளிர்காலத்தைத் தள்ளினோம். பிள்ளைக்கு இரண்டு காலுறை போடுங்கள். வாங்கும்போது பெரிதாகவே வாங்குங்கள்.

குழாய்க்காரர்: அக்கா, இங்கே பாதி வீடுகளின் வியாதியே அதுதான். அளவு மிஞ்சினால் சற்று நேரம் எரியும், அணையும், மறுபடி எரியும்; இயந்திரம் சீக்கிரம் தேயும். சிஎஸ்ஏ எஃப்280 என்ற கனடியத் தரமுறைப்படி வெப்ப இழப்பைக் கணக்குப் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும். தம்பி, அட்டையில் ஏ வகையா, பி வகையா?

பிராம்டன்வாசி: பெர்மிட் இல்லாமல் மாட்டியிருப்பார்கள். இந்த நாட்டில் பெர்மிட் இல்லாமல் ஆணிகூட அடிக்க முடியாது.

மார்க்கம் அக்கா: பழையதைக் கழற்றிப் புதியது வைத்தோம், எங்களை ஒருவரும் கேட்கவில்லையே.

பிராம்டன்வாசி: கேட்காமல் விட்டால் தேவையில்லை என்று ஆகிவிடுமா? என் கதை இன்னும் மோசம். வாசலில் வந்தவனிடம் வாடகை ஃபர்னஸுக்குக் கையெழுத்துப் போட்டேன். வீட்டை விற்கப் போனபோதுதான் தெரிந்தது, நிலப் பதிவில் அவனுடைய உரிமைக் குறிப்பு ஏறி உட்கார்ந்திருக்கிறது. வாசலில் வந்து விற்பதை 2018-இல் தடுத்தார்கள், அந்தப் பதிவுக்கு 2024-இல்தான் முடிவு கட்டினார்கள். என் காசு போனது போனதுதான்.

புதியவன்: ஏ என்றுதான் இருக்கிறது. புகைக்குழாய் இணைப்பு கழன்றிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நாங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே இருக்கும் வீட்டுக்காரர் பாதிச் செலவைத் தரச் சொல்கிறார்.

குழாய்க்காரர்: இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! ஒரு காசும் கொடுக்காதீர்கள். பி வகை என்றால் பழுதுபார்க்க அவகாசம் உண்டு. ஏ என்றால் உடனடி ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். யார் சொன்னாலும் வாயுவைத் திறக்காதீர்கள். டொரொண்டோவில் குளிர்காலத்தில் 21 டிகிரி கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. இன்றே எழுத்தில் கேளுங்கள், அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். மசியவில்லையா, நகராட்சியின் 311 எண்ணை அழையுங்கள்.

மார்க்கம் அக்கா: 311-ஐ அழைத்தால் அனுமதி இல்லாத பேஸ்மென்ட் என்று இவர்களையே வெளியேற்றிவிட்டால்?

குழாய்க்காரர்: பயம் நியாயம்தான். ஆனால் அனுமதி இல்லாத பேஸ்மென்டில் இருப்பவருக்கும் வாடகைச் சட்டம் பொருந்தும். பழுதுபார்க்க வருபவர் டிஎஸ்எஸ்ஏ என்ற ஒன்டாரியோ பாதுகாப்பு அமைப்பில் பதிவுள்ள ஒப்பந்ததாரர்தானா என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். புகைக்குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் அதன் மேல் எஸ்636 என்ற தரக் குறி அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரண வெள்ளைத் தண்ணீர்க் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். வெளியே குழாயின் வாய் பனிக்கு ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும். மேல்வீட்டுக்கும் இதே ஃபர்னஸ்தான் என்றால், காற்றுக்குழாய்க்குள் புகை உணர்வி இருக்கிறதா என்றும் கேளுங்கள். புகை வந்தால் விசிறி தானாக நிற்க வேண்டும்.

அதுவரை மின் ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகுங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம். அடுப்பை எரியவிட்டுச் சூடு காயாதீர்கள். படுக்கையறைக்குப் பக்கத்தில் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தில் அதையும் சேருங்கள்.