ஒரே 'நே', ஆளுக்கொரு பொருள்

எங்கள் குழுவில் ஒரு கிரேக்கர், ஒரு பல்கேரியர். கிரேக்கர் அம்மாவோடு போனில் பேசும்போது "நே, நே, நே" என்று அடுக்கிக்கொண்டே போவார். பெற்ற தாயிடம் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்கிறாரே என்று பல்கேரியருக்கு வருத்தம். பல்கேரிய மொழியில் 'நே' என்றால் இல்லை, கிரேக்கத்திலோ ஆமாம். சரி, தலையசைப்பை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் சிக்கல். ஆமாம் என்பதற்குப் பல்கேரியர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார். நம்மில் பலரும் அப்படித்தான் ஆட்டுகிறோம் என்பதால் எனக்கு அவரைப் புரிந்துகொள்வது சுலபமாக இருந்தது. இந்த இரண்டு மொழிக்கும் தூரத்து உறவாவது உண்டு. உறவே இல்லாத மொழிகளில் 'நே'யைக் கேட்டவர்கள் எழுதுங்களேன்.

பதில்:

கொரிய மொழி படிக்கிறேன். அங்கேயும் 'நே' என்றால் ஆமாம். ஆனால் புதிதாகக் கேட்பவர் காதில் அது பல நேரம் 'தே' என்றே விழும். சொல்லின் தொடக்கத்தில் வரும் மூக்கொலியை அவ்வளவு மெலிதாக்கிவிடுகிறார்கள். பொருள்களை எண்ணும்போது அதே 'நே' நான்கு. 'உன்னுடைய' என்பதற்கும் அதே எழுத்துதான். 'என்னுடைய' என்ற சொல்லும் இன்றைய உச்சரிப்பில் கிட்டத்தட்ட 'நே' என்றே ஒலிப்பதால், குழப்பம் வராமலிருக்க 'உன்னுடைய' என்பதைப் பேச்சில் 'நி' ஆக்கிவிட்டார்கள். வகுப்பில் அதைக் கேட்டதும் நம் 'நீ' நினைவுக்கு வந்து சிலிர்த்துப்போனேன்.

பதில்:

சிலிர்ப்பு புரிகிறது, ஆனால் அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. சீன மாண்டரினிலும் 'நி' என்றால் நீதான். ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த சொற்கள் எந்த மொழியிலும் கொஞ்சம்தான் இருக்க முடியும். ஆயிரக்கணக்கான மொழிகளில் சில தற்செயலாக ஒத்துப்போகத்தான் செய்யும். உறவென்றால் ஒழுங்கு தெரிய வேண்டும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. ப வரும் இடத்தில் வரிசையாக ஹ வருகிறது பாருங்கள், அதுதான் சான்று. 'நி'க்கு அப்படி ஒரு வரிசையை யாராவது காட்டினால் முதலில் மகிழ்பவன் நான்.

பதில்:

துருக்கியில் 'நே' என்றால் 'என்ன'. ஜப்பானியர் வாக்கியக் கடைசியில் போடும் 'நே' நம் 'இல்லையா' மாதிரி. அப்புறம், நம்மிடமும் 'நே' உண்டு என்பதை யாரும் சொல்லவில்லையே! நன்னூல் கணக்கிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் அதுவும் ஒன்று, பொருள் அன்பு. பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியலில் பார்த்ததுதான், யார் பேச்சிலும் கேட்டதில்லை. செய்யுளிலோ வட்டார வழக்கிலோ அது தனித்து வரும் இடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள், தேடிக்கொண்டிருக்கிறேன்.