அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பிய பியூரிட்டன்கள்: உதவி வேண்டுகிறேன்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் சீர்திருத்த விரும்பிய புராட்டஸ்டண்டுகளான பியூரிட்டன்களின் இயக்க வரலாற்றைத் தமிழில் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி வருகிறேன். 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குக் குடியேறச் சென்றவர்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 1640களில் இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே போர் மூண்டபோது, குடியேறியவர்களில் கணிசமானோர் தாய்நாட்டுக்கே திரும்பியதைச் சிலரே கவனிக்கிறார்கள். மாசசூசெட்ஸின் சேலம் நகரில் போதகராக இருந்த ஹியூ பீட்டர் 1641இல் திரும்பிச் சென்று, நாடாளுமன்றப் படையினரிடையே பிரசங்கித்து, போரில் வீழ்ந்த மன்னராட்சி மீண்டதும் 1660இல் மரண தண்டனைக்கு உள்ளானார். முன்பு மாசசூசெட்ஸில் ஆளுநராக இருந்த ஹென்றி வேனும் 1662இல் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். இந்த இருவழிப் பயணத்தை விட்டுவிட்டால் இயக்கத்தின் பாதிதான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு இரண்டு உதவிகள் வேண்டும். தலைவர்களல்லாத சாதாரணக் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், திரும்பிச் சென்றதைக் காட்டும் கடிதங்களோ சபைப் பதிவேடுகளோ எவையெனத் தெரிந்தவர்கள் தெரிவியுங்கள். மேலும், நியூ இங்கிலாந்துச் (மாசசூசெட்ஸ் உள்ளிட்ட குடியேற்றப் பகுதி) சபைகளில் உறுப்பினராக விரும்பியவர், இறையருள் தம்மை மாற்றிய அனுபவத்தைச் சபையார் முன் விவரிக்க வேண்டியிருந்தது. அதை நம் கிறித்தவ வழக்கிலுள்ள ‘சாட்சி’ என்ற சொல்லாலேயே குறிக்கலாமா, அல்லது அதனினும் பொருத்தமான சொல் உண்டா?