ப்ளோட் சார்ஜ்: மிதவையா, ஈடுகட்டா, காப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி மூடிய ஈய அமில பேட்டரிக்கு ஒரு எளிய சார்ஜர் செய்யும் பாடம் எழுதியிருக்கிறேன். எல்எம்317 என்ற வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் ஐசி, 240 ஓம் மின்தடை, ஒரு 5 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் மின்தடை), மீட்டரைப் பார்த்து 13.7 வோல்ட்டுக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லுக்குத்தான் தமிழ் முடிவாகவில்லை: ப்ளோட் சார்ஜ். 'மிதவை மின்னேற்றம்' என்று எழுதினேன். ஒரு மாணவன், "சார், இதில் மிதவை எங்கே இருக்கிறது?" என்றான். இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையை அவன் பார்த்திருக்கிறான். மூடிய பேட்டரியில் அது கிடையாது, பையன் இல்லாத ஒன்றைத் தேடுகிறான்.

ப்ளோட் சார்ஜில் நடப்பது இதுதான். நிரம்பிய பேட்டரியை 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்குள் பிடித்து வைத்தால், சும்மா இருக்கும்போது தானாக இறங்குவதை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் மின்னோட்டம் எடுத்துக்கொள்ளும். 14.5இல் நாள்கணக்கில் விட்டால் உள்ளிருக்கும் நீர் வாயுவாகப் பிரிந்து, வால்வு வழியே வெளியேறி, பேட்டரி காய்ந்துபோகும். அதனால் 'ஈடுகட்டு மின்னேற்றம்' எனலாமா?

*

தம்பி, முதலில் 'ஈய அமிலம்' என்பதைத் திருத்துங்கள். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு உலோகம். அப்புறம், 'ஏற்றம்' எதற்கு? உண் என்பதிலிருந்து ஊட்டு, ஊட்டம். பசித்த கலத்துக்கு ஊட்டுகிறோம். ஈடு, இடு என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர், கெடு கேடு ஆனதுபோல. நல்ல சொல்தான், ஆனால் ஊரில் ஈடு என்றால் அடமானம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். என் பரிந்துரை 'காப்பூட்டம்'.

*

பேட்டரி கடை வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். காப்பூட்டம் என்று கேட்டு வந்தால் நான் காப்பு, கவசம் ஏதோ கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பேன். பேட்டரியின் மேலேயே 'ஸ்டாண்ட்பை 13.5-13.8' (எப்போதும் சார்ஜரிலேயே இருப்பதற்கு), 'சைக்கிள் 14.4-15.0' (தீர்த்துத் தீர்த்து ஏற்றுவதற்கு) என்று அச்சிட்டிருக்கும், அதில் ப்ளோட் என்ற சொல்லே பெரும்பாலும் இருக்காது. பையன்களுக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். ப்ளோட் என்றே எழுதுங்கள் சார்.

*

ஐயா, காரீயம் என்று மாற்றிவிட்டேன், நன்றி. ஆனால் 'மின்னூட்டம்' பள்ளிப் புத்தகத்தில் ஏற்கெனவே கூலூமில் அளக்கும் அந்த அளவுக்குப் பெயர். அதையே செயலுக்கும் வைத்தால் ஒரே பக்கத்தில் இரண்டு பொருள் வரும். கிணற்றடி ஏற்றம் கீழே கிடப்பதை மேலே கொண்டுவருவதுதானே, அதனால் மின்னேற்றம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இதுவரை ஈடுகட்டுக்கு நான்கு பேர், காப்பூட்டத்துக்கு இரண்டு பேர், மிதவைக்கு ஒருவர். கடைக்காரர் சொல்வதும் நியாயம். முதல் இடத்தில் 'ப்ளோட் சார்ஜ் எனப்படும் ஈடுகட்டு மின்னேற்றம்' என்று எழுதி, பேட்டரி மேல் உள்ள ஸ்டாண்ட்பை வரியையும் படமாகச் சேர்க்கிறேன்.

*

சரி தம்பி, அச்சுக்கு அனுப்புங்கள். காப்பூட்டத்தை நான் விடவில்லை, அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.