கவிகையா, உணர்பரப்பா, கவரேஜா?

அன்புடையீர்,

ஹட்டனில் உயர்தர மாணவருக்குக் கம்பியில்லா உணரி வலையமைப்புகள் (சுற்றுப்புறத்தை அளந்து, அலைவழி ஒன்றோடொன்று பேசும் சிறு கருவிகளின் தொகுதிகள்) பற்றி நடக்கவிருக்கும் பயிலரங்கின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வரும் coverage என்னும் கலைச்சொல்லைத் தமிழாக்காமல் “கவரேஜ்” என்று அப்படியே விடலாம் என்று பதுளை நண்பர் எழுதியிருந்தார். அச்சொல் அந்நியமானது என்பதன்று என் மறுப்பு. “மேல் டிவிசனில் கவரேஜ் இல்லை” என்றால் கைப்பேசிக்கு அலை எட்டவில்லை என்றே தோட்டத்தில் பொருள். கையேட்டிலோ அது உணரிகளின் கண்காணிப்பைக் குறிக்கிறது. குவிவான (எங்கும் உட்குழியாத) பரப்பு முழுவதும் கண்காணிப்புக்குள் இருந்து, தொடர்பு ஆரம் (ஓர் உணரியின் அலை எட்டும் தூரம்) உணர் ஆரத்தின் (அது கண்காணிக்கும் தூரம்) இரு மடங்குக்குக் குறையாதிருப்பின், உணரிகள் அனைத்தும் தமக்குள் தொடர்புற்றிருக்கும் என்னும் தேற்றத்தை, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எவ்வாறு கற்பிப்பது?

ஆகவே “கவிகை” என்பதை முன்வைக்கிறேன். கவிதல் வினையோடு கை விகுதி சேர்ந்த தொழிற்பெயர் இது. “கவிகைக்கீழ்த் தங்கும் உலகு” (குறள் 389) என்னுமிடத்தில் குடைக்கு ஆகிவந்தது. சம வட்டங்களால் தளத்தை மிகக் குறைந்த அடர்த்தியில் மூடுவதற்கு, மையங்களை முக்கோண அமைப்பில் ஆரத்தின் √3 மடங்கு இடைவெளியில் வைக்க வேண்டும் என்று கணிதவியலாளர் கெர்ஷ்னர் 1939 இல் நிறுவியதும், நெருக்கி விரித்த குடைகளின் கணக்குத்தான். தேவைக்கு மேல் கவிந்த இடத்தில் சில உணரிகளை உறங்கவிட்டு மின்கலத்தைச் சேமிப்பது “வினைத்திறன்மிகு கவிகைப் படிமுறை” ஆகும்.

கண்டியிலிருந்து:

ஐயா, நயமான சொல்தான். ஆனால் மாணவர் அதைக் “கவிதை”யின் அச்சுப்பிழையென்று திருத்துவர். அது கிடக்கட்டும். 2014 இல் மண்சரிந்த மீரியபெத்தை போன்ற சரிவில் சாய்வுமானியைப் புதைத்தால், அது தான் நிற்கும் மண்ணின் சாய்வையே அளக்கும்; அங்கே வட்டமும் இல்லை, குடையும் இல்லை. “உணர்பரப்பு” போதும்.

ஹட்டனிலிருந்து:

வட்டம் ஓர் எடுகோளே என்பதை ஏற்கிறேன், கையேட்டிலும் சேர்க்கிறேன். ஆயினும் உணர்பரப்பு தனியோர் உணரிக்கு உரியது. ஒவ்வொரு புள்ளியும் மூன்று உணரிகளின் கண்ணிலாவது படுவதை “மும்மடிக் கவிகை” எனலாம். “மும்மடி உணர்பரப்பு” என்றால் பரப்பு மூன்று மடங்காயிற்று என்று பொருளாகிவிடும். இரண்டு சொல்லும் அவரவர் இடத்தில் இருக்கட்டும்.

பதுளையிலிருந்து:

அச்சுக்கு விடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் “சிக்னல் இல்லை” என்பார்களே தவிர, கவரேஜ் இல்லை என்று சொல்லக் கேட்டதில்லை. ஆதலால் தங்கள் முதல் மறுப்பு எனக்கு இன்னும் விளங்கவில்லை.