கொலாஜன் மரபணுவை வளர்ச்சிக் காரணிகள் இயக்குவதும் அடக்குவதும் எவ்வாறு?

கேள்வி (உயிர்வேதியியல் முதுகலை மாணவி, பாளையங்கோட்டை)

எங்கள் ஆச்சி பாம்படம் அணிவதற்காகச் சிறுவயதிலேயே காது வளர்த்தவர். அவருடைய துளைகளின் ஓரம் மென்மையாகவே ஆறியிருந்தது. என் தங்கைக்கோ, மேல்காதில் குத்திய சிறு துளை கீலாய்டு என்னும் தடித்த தழும்பாகத் திரண்டு, புண்ணின் எல்லையையும் தாண்டி வளர்கிறது. டிஜிஎஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணி, தழும்பின் நார்ப்புரதமான கொலாஜனின் உற்பத்தியைக் கூட்டுகிறது என்று படித்திருக்கிறேன். செல்லுக்கு வெளியே இருக்கும் ஒரு புரதம் உட்கருவில் உள்ள மரபணுவை எவ்வாறு இயக்குகிறது? அதை அடக்குவது எது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பேராசிரியர், தென்காசி)

மகளே, டிஜிஎஃப்-பீட்டா உட்கருவுக்குச் செல்வதில்லை. அதன் செய்திதான் செல்கிறது. இன்னொரு புரதத்தால் பொதியப்பட்டுச் செயலற்று இருக்கும் அது, பிளாஸ்மின் போன்ற நொதிகளாலோ செல்லின் மேற்பரப்புப் புரதங்களான இன்டெக்ரின்களாலோ விடுவிக்கப்பட்ட பின்னரே கொலாஜனை உருவாக்கும் செல்லான ஃபைப்ரோபிளாஸ்டின் மேல் செய்தியைப் பெறும் புரதமான இரண்டாம் வகை ஏற்பியைப் பற்றுகிறது. அந்த ஏற்பி முதலாம் வகை ஏற்பிக்குப் பாஸ்பேட் ஏற்றித் தூண்ட, அது செல்லினுள் செய்தி கடத்தும் புரதங்களான ஸ்மாட்2, ஸ்மாட்3 ஆகியவற்றுக்குப் பாஸ்பேட் ஏற்றுகிறது. இவ்விரண்டும் ஸ்மாட்4 உடன் கூடி உட்கருவை அடைந்து, கொலாஜன் சங்கிலி ஒன்றுக்கான கால்1ஏ2 மரபணுவின் முன்னியக்கிப் பகுதியில் (படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் இடத்தில்) எஸ்பி1, பி300 ஆகிய புரதங்களின் துணையோடு படியெடுத்தலை, அதாவது மரபணுவிலிருந்து தூது ஆர்என்ஏ உருவாவதை, உயர்த்துகின்றன. முதல் வகைக் கொலாஜனின் ஆல்ஃபா1 சங்கிலிக்கான மரபணு 17ஆம் குரோமோசோமிலும், ஆல்ஃபா2க்கானது 7ஆம் குரோமோசோமிலும் இருந்தும், இரண்டும் ஒருங்கே உயர்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அடக்கும் கடிவாளமும் இதே செய்தியிலிருந்துதான் பிறக்கிறது: டிஜிஎஃப்-பீட்டாவே ஸ்மாட்7 என்னும் தடுப்புப் புரதத்தை உண்டாக்க, அது ஏற்பியை மறித்து ஸ்மாட்3க்குப் பாஸ்பேட் ஏறுவதைத் தடுக்கிறது. நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமாவும் ஸ்டாட்1 என்னும் புரதத்தின் வழியாக ஸ்மாட்7ஐக் கூட்டிக் கொலாஜனைக் குறைக்கிறது.

மறுமொழி 2 (ஆய்வு மாணவர், திருநெல்வேலி நகரம்)

ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். படியெடுத்தல் மட்டும் அளவைத் தீர்மானிப்பதில்லை. உருவான தூது ஆர்என்ஏ எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதும் முக்கியம். லார்ப்6 என்னும் புரதம் அதன் தொடக்கப் பகுதியிலுள்ள வளைவைப் பற்றிக்கொண்டு கொலாஜன் உருவாக்கத்துக்குத் துணைநிற்கிறது. மாறாக, மைக்ரோ ஆர்என்ஏ-29 என்னும் சிறு ஆர்என்ஏ கொலாஜனைக் குறைக்கும். டிஜிஎஃப்-பீட்டா அந்தத் தடையையே குறைத்துவிடுகிறது. பிடிஜிஎஃப் என்னும் மற்றொரு வளர்ச்சிக் காரணி முக்கியமாக ஃபைப்ரோபிளாஸ்ட்களைப் பெருக்கவும் புண்ணை நோக்கி ஈர்க்கவும் செய்கிறது. எனவே இரண்டையும் ஒரே வகைத் தூண்டலாக எழுதிவிடாதீர்கள்.

மறுமொழி 3 (தோல் மருத்துவர், திருநெல்வேலி)

கீலாய்டில் டிஜிஎஃப்-பீட்டாவின் தூண்டல் ஓயாமல் தொடர்கிறது. ஆயினும் ஆச்சியின் காதையும் தங்கையின் காதையும் மட்டும் ஒப்பிட்டுக் காரணம் சொல்ல இயலாது: மரபுச்சார்பு, இடம், இழுவிசை, தொற்று எனப் பலவும் சேர்கின்றன. வெட்டி எடுப்பதோடு நிறுத்தினால் கீலாய்டு மீண்டும் வளரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே ட்ரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தின் ஊசி, தேவைப்பட்டால் அறுவைக்குப் பின் அழுத்தச் சிகிச்சை ஆகியவற்றைப் பற்றித் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை தங்கை அந்த இடத்தில் மறுபடி துளையிட வேண்டாம்.