புல்லட் 350: கேம் மாற்றியதும் மலையில் இழுவை போய்விட்டது, கம்ப்ரஷனை ஏற்றலாமா?

ராசிபுரத்தான்

வணக்கம். என்னிடம் இருப்பது இரும்பு போர் (சிலிண்டர்) கொண்ட பழைய புல்லட் 350. சென்ற மாதம் இன்ஜினைப் பிரித்தபோது இரண்டு கேமும் (வால்வுகளைத் திறந்து மூடும் முட்டை வடிவச் சக்கரங்கள்) தேய்ந்திருந்தன. பட்டறையில், "எப்படியும் புதிது வாங்கத்தான் போகிறீர்கள், ரேஸ் கேமாகவே போட்டுவிடலாம்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். பிஸ்டன் பழையதுதான், 7.25 கம்ப்ரஷன் (அதாவது கலவையை 7.25-இல் ஒரு பங்காக அமுக்குவது).

இப்போது நிலைமை இது: சமவெளியில் வேகம் பிடித்துவிட்டால் வண்டி பறக்கிறது. அதற்குக் கீழே உயிரே இல்லை. ஐடிலிங் தள்ளாடுகிறது. கிக்கரை மிதித்தால் கால் எதிர்ப்பே இல்லாமல் இறங்குகிறது. போன ஞாயிறு மனைவியுடன் கொல்லிமலை போனேன். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் முதல் கியர்தான். முன்பெல்லாம் அதே வளைவுகளில் இரண்டாவது கியரில் முனகாமல் திரும்பும்.

9.5 பிஸ்டன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

லேத் பட்டறை

பிஸ்டனுக்குக் காசைக் கொடுப்பதற்கு முன் வலதுபக்க டைமிங் கவரைத் திறந்து பாருங்கள். கிராங்க் பினியன் (கிராங்கின் பல்சக்கரம்), இன்லெட் கேம் (கலவையை உள்ளே விடும் வால்வுக்கு), எக்ஸாஸ்ட் கேம் (புகையை வெளியே விடும் வால்வுக்கு) மூன்றின் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா? ஒரு பல் தள்ளியிருந்தாலும் நீங்கள் சொன்ன அத்தனை கோளாறும் வரும். அடுத்து, இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடுகளை (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பிகள்) விரலால் உருட்டுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் அந்த வழியே போய்விடும்.

இரண்டு சக்கரம்

9.5 போடுங்கள் அண்ணா, யோசிக்கவே வேண்டாம். இப்போது கடையில் நிற்கும் கிளாசிக் 350-க்கே 9.5 தான்.

பழைய இரும்பு

தம்பி இரண்டு சக்கரம், அந்த 9.5 இருப்பது வேறு இன்ஜினில். அதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 72, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 85.8 மில்லிமீட்டர், எரிபொருளையும் ஸ்பார்க்கையும் கணினி பார்த்துக்கொள்கிறது. இவரிடம் இருப்பது 70-க்கு 90, இரும்பு போர், கார்புரேட்டர், பிளாட்டினம் பாயின்ட். ஒப்பிட வேண்டுமென்றால் 2009-இல் வந்த முதல் கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போரும் ஸ்ட்ரோக்கும் இதே 70-க்கு 90. அதில் ஆலையே வைத்தது 8.5 தான்.

ராசிபுரத்தாரே, கேமோடு ஒரு தாள் கொடுத்திருப்பார்களே. இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது என்று அதில் என்ன போட்டிருக்கிறது? காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, ஐடிலிங்கில் கார்புரேட்டர் வாயையும் பாருங்கள்.

ராசிபுரத்தான்

புள்ளிகள் மூன்றும் நேராகவே இருக்கின்றன. புஷ் ராடும் சரி. தாளில் இன்லெட் மூடுவது பாட்டம் சென்டருக்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் நிலை) பின் கிராங்க் 75 டிகிரி திரும்பியதும் என்று இருக்கிறது, வால்வு சீட்டில் உட்காரும் கணத்தை வைத்து அளந்ததாம். கார்புரேட்டரைப் பார்த்து அசந்துபோனேன் ஐயா. வாயின் முன்னால் பெட்ரோல் பனிபோல மிதந்துகொண்டு நிற்கிறது. உள்ளங்கையைக் காட்டினால் நனைகிறது. வடிகட்டியும் ஈரம்.

பழைய இரும்பு

அந்தப் பனிதான் உங்கள் கொல்லிமலை இழுவை. சிலிண்டருக்குள் போன கலவை வெளியே திரும்பி வருகிறது.

பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்லெட் வால்வு திறந்தே இருக்கிறது. அது மூடும்வரை எதுவும் அமுங்காது. பழைய கேமில் இன்லெட் மூடுவது 60 டிகிரியில். கனெக்டிங் ராடை ஸ்ட்ரோக்கின் இருமடங்கு நீளம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன் (உங்கள் ராடை அளந்தால் கடைசி இலக்கம் கொஞ்சம் மாறலாம்). 60 டிகிரியில் மூடினால் 90 மில்லிமீட்டரில் பிஸ்டன் ஏற சுமார் 72 மிச்சம் இருக்கிறது. 75-இல் மூடினால் 62 தான். பெயருக்கு 7.25 கம்ப்ரஷன்; பழைய கேமில் உண்மையில் அமுங்கியது சுமார் 6 மடங்கு, புதிய கேமில் 5.3. கிக்கர் லேசானதற்கும் இதுதான் காரணம்.

இன்ஜின் சுற்று ஏறினால் கதை வேறு. இன்டேக் குழாயில் வேகமாக வரும் கலவை அந்த வேகத்திலேயே பிஸ்டனை எதிர்த்து உள்ளே நுழைந்துவிடும். அப்போது தாமதமாக மூடுவது லாபம். அதனால்தான் சமவெளியில் பறக்கிறது. ஆனால் இந்த இன்ஜின் 18 குதிரைத்திறனைக் கொடுப்பதே நிமிடத்துக்கு 5,625 சுற்றில். ரேஸ் கேம் அதற்கும் மேலே போகச் சொல்லும். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் மிதக்கும் புஷ் (தளர்வாகச் சுழலும் உலோக வளையம்) இருக்கும் வண்டியை அங்கே நெடுநேரம் ஓட்ட எனக்கு மனம் வராது.

சரி, இந்தக் கேமுக்கே 9.5 போட்டால்? உண்மை அமுக்கம் சுமார் 6.85. காகிதத்தில் அழகுதான், கீழ்ச் சுற்றில் கொஞ்சம் இழுவையும் திரும்பும். ஆனால் கார்புரேட்டர் வழியே பெட்ரோல் திரும்புவது நிற்காது. மேல் சுற்றில் சிலிண்டர் முழுதாக நிரம்பும்போது இரும்பு போரின் சூட்டில் இன்ஜின் தட்டத் தொடங்கும் (கலவை தானாகவே வெடிக்கும் சத்தம்). இந்த ஹெட்டில் கலவை எரியும் அறை அரைக்கோளம், 9.5 வேண்டுமென்றால் பிஸ்டன் தலை குன்றுபோல எழ வேண்டும், தீ அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

மலைக்கும் பின்சீட்டுக்கும் ஓட்டுகிற வண்டி என்றால் கேமைக் கழற்றுங்கள். புதிய ஸ்டாக் கேம் (ஆலையில் வந்த வகை) ஜோடியைப் போட்டு, அதற்கு மேல் ஆசை இருந்தால் 8.5 வரை போகலாம். உண்மை அமுக்கம் 7-ஐத் தொடும், பங்க் பெட்ரோலுக்குப் போதும்.

இரண்டு சக்கரம்

ஹெட்டைச் சீவி 8.5 கொண்டுவர முடியாதா ஐயா?

லேத் பட்டறை

70 போருக்கு 1 மில்லிமீட்டர் சீவினால் அறையில் குறைவது 3.85 சிசிதான். 8.5-க்கு 9 சிசிக்கு மேல் குறைய வேண்டும். கிட்டத்தட்ட 2.4 மில்லிமீட்டர் சீவுவது வேலையே இல்லை, ஹெட்டைக் கொல்வது. பிஸ்டனை மாற்றுங்கள். மாற்றியதும் பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, வால்வு பதித்த இடத்தை அறுத்து அளங்கள். இன்லெட் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 இல்லாமல் நான் மூட மாட்டேன்.

ராசிபுரத்தான்

மூன்று வாரமாக எழுத நேரமில்லை, மன்னிக்கவும்.

முதலில் அறையின் கொள்ளளவை அளந்தேன். மனைவி வேதியியல் ஆசிரியை. பள்ளியில் சொல்லி ஒரு ப்யூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) வாங்கி வந்தாள். வண்டியைச் சாய்த்து, பிளக் துளை எல்லாவற்றுக்கும் மேலே வருமாறு கட்டைவைத்து நிறுத்தி, டாப் சென்டரில் (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது) மெல்லிய எண்ணெயை ஊற்றினேன். ப்யூரெட் 50 வரைதான். ஒருமுறை தீர்ந்து, மறுபடி நிரப்பி இன்னும் 7 போனது. ஆக 57 சிசி. 7.25 என்று நான் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் 7.1-க்குச் சற்றுக் குறைவு!

ஸ்டாக் கேம் போட்டாயிற்று. பிஸ்டனைத் தொடவில்லை, அடுத்த ரீபோருக்கு (சிலிண்டரைக் கடையும்போது) 8.5 என்று வைத்திருக்கிறேன். நேற்று மறுபடி மலைக்குப் போனோம். இரண்டாவது கியர் திரும்பிவிட்டது. கார்புரேட்டர் வாயில் பனி இல்லை. கிக்கர் மட்டும் ஒருமுறை திருப்பி அடித்தது, முழங்காலுக்குக் கீழே நீலம்.

பழைய இரும்பு

திருப்பி அடித்தால் இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கிறது. ரேஸ் கேமுக்காகப் பட்டறையில் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். கையேட்டு அளவுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) ஒரு எண் பெரிதாக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை, கார்புரேட்டர் அதைத் தானாகக் கொடுக்காது.

ராசிபுரத்தான்

பிளக் வெளுத்துத்தான் இருக்கிறது ஐயா. நாளை ஜெட் வாங்குகிறேன். ப்யூரெட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. எண்ணெய் வாடை போகாமல் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு.