ஆவாரை இலைக்காம்பில் தேன் சுரக்கும் புடைப்பு: பெயர் தேவை

எழுதியவர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு தாவரக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மஞ்சள் பூப் பூக்கும் காட்டுப் புதர்ச்செடிகள் பகுதியில் ஒரே ஒரு சொல்லால் வேலை நிற்கிறது.

ஆவாரை, பொன்னாவிரை, தகரை மூன்றும் சென்னா என்ற பேரினத்தில் வருபவை. மூன்றுக்கும் ஐந்து மஞ்சள் இதழ், சிறகு போன்ற கூட்டிலை, நீண்ட காய். பூவை மட்டும் பார்த்துப் புதியவர்களால் பிரிக்க முடியாது. ஆனால் இலைக்காம்பைப் பார்த்தால் பிரித்துவிடலாம். ஆவாரையில் ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே நிமிர்ந்த சிறு புடைப்பு ஒன்று இருக்கும். தகரையில் கீழ் இணைகளுக்கு நடுவில் மட்டும் இருக்கும். அதற்குச் சிற்றிலைகளும் பெரும்பாலும் மூன்று இணைதான், நுனி மழுங்கியது. பொன்னாவிரையில் காம்பின் அடியோரம் ஒன்றே ஒன்று. சிற்றிலை நுனி கூர்மை, கசக்கினால் கெட்ட வாடை. அதே பேரினத்துச் சீமையகத்தியில் இந்தப் புடைப்பே கிடையாது.

இது பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் உறுப்பு. எறும்புகள் இதைக் குடிக்க வரும், வந்த இடத்தில் புழுக்களை விரட்டும். தற்காலிகமாகப் 'பூவெளித் தேன்சுரப்பி' என்று போட்டிருக்கிறேன். சரியா?

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆவாரம்பூவைத் தேநீருக்குப் பறிக்கிறவர்கள் இப்போது அதிகம். பொன்னாவிரை விதையைத் தின்ற குழந்தைகள் ஈரலும் தசையும் மூளையும் கெட்டு இறந்தது மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மருத்துவர்கள் பதிவு செய்த உண்மை. செடி மாறக் கூடாது.

எழுதியவர்: தாவரவியல் ஆசிரியை, மதுரை

> தற்காலிகமாகப் 'பூவெளித் தேன்சுரப்பி'

'பூவெளி' என்றால் என் மாணவர்கள் பூக்கள் நிறைந்த வெளி என்றுதான் படிப்பார்கள். 'மலர்சாராத் தேன்சுரப்பி' என்று வைக்கலாம். 'நாளமில்லாச் சுரப்பி' என்ற சொல் பாடநூலில் நன்றாக ஊன்றிவிட்டது. அதே அச்சில் இதுவும் நிற்கும். யாராவது 'மதுச்சுரப்பி' என்று சொல்ல வந்தால் இப்போதே தடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பாடம் அத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்று. ஆவாரைக்கு இலையடிச்செதிலையும் அடையாளமாகச் சேருங்கள். அகன்று, காது மடல்போல் இருக்கும். ஆரிகுலேட்டா என்ற சிற்றினப் பெயரே காதை வைத்து வந்ததுதான். சுரப்பியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பிள்ளைகூட இதைக் கண்டுபிடித்துவிடும்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

அன்புடையீர், 'சாரா' என்ற எதிர்மறையில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் உறுப்புக்குப் பெயர் வைக்கும்போது அது எது என்று சொல்ல வேண்டும். எது இல்லை என்று சொல்வது பெயராகாது. 'நாளமில்லாச் சுரப்பி' ஊன்றிவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் இல்லை, அல்ல, சாரா என்றே ஆக்க வேண்டுமா?

பூவின் புறத்தே உள்ளது என்பதால் 'பூப்புறச் சுரப்பி' எனலாம். 'பூப்பெயர் முன் இனமென்மையும் தோன்றும்' என்று நன்னூல் இடம் தருவதால் 'பூம்புறச் சுரப்பி' என்றால் ஓசையும் இனிமை. புல்லி, அல்லி என்ற சொற்களை நம் தாவரவியலார் பழைய இலக்கியத்திலிருந்துதான் எடுத்தார்கள். 'புல்லிதழ் பூவிற்கும் உண்டு' என்று நாலடியார் பாடியதை இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை புல்லிவட்டம் என்று எழுதுகிறது. அந்த வழியில் போவோம்.

தேன்சுரப்பிக்கும் பழஞ்சொல் கையிலேயே இருக்கிறது. மணிமேகலையின் கையில் இருந்த பாத்திரம் எது? அமுதசுரபி. எடுக்க எடுக்கக் குறையாமல் சுரப்பது. சுரபி என்பது 'சுர' என்ற நம் வேரிலிருந்து வந்தது என்பது என் துணிபு.

எழுதியவர்: களப் பணியாளர், சத்தியமங்கலம்

ஐயா, அம்மா, இருவரும் பூவை வைத்தே பெயர் தேடுகிறீர்கள். எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. ஆவாரம்பூவில் தேனே கிடையாது. சென்னா பேரினத்தின் பூக்கள் தேன் சுரப்பதில்லை. மகரந்தத்தை மட்டும்தான் கொடுக்கும். மகரந்தப்பையின் நுனியில் துளை இருக்கிறது. பெரிய கறுப்புத் தச்சுத்தேனீ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் கொட்டும். பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் கேட்கும்.

இந்தச் செடியின் தேன் முழுவதும் இலைக்காம்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட செடியில் நின்றுகொண்டு பிள்ளைகளிடம் 'பூவெளி', 'மலர்சாரா', 'பூம்புறம்' என்றால், 'அப்போ பூவுக்குள்ள இருக்கிற தேன்சுரப்பி எங்கே?' என்று கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரிவது ஒரு முகிழ். அதில் தேன் வருகிறது. 'தேன்முகிழ்' போதாதா? ஐந்தே எழுத்து, ஒரு முறை சொன்னால் மனத்தில் நிற்கும்.

எழுதியவர்: உயிரியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

எங்கள் பக்கம் ஆவாரையை ஆவரசு என்போம். சிங்களத்தில் ரணவரா; அந்தப் பூத் தேநீர் இலங்கை முழுவதும் குடிப்பதுதான். ஆகவே அடையாளம் தவறக் கூடாது என்ற கவலை எங்களுக்கும் உண்டு.

ஆனால் சொல்லை ஆவரசோடு முடித்துவிடாதீர்கள். பருத்தி இலையைத் திருப்பினால் நடுநரம்பில் இதே உறுப்பு. பூவரசிலும் அப்படியே. ஆமணக்கின் காம்பில் உண்டு. தட்டைப்பயற்றில் பூங்கொத்தின் தண்டிலும் இருக்கிறது. இந்தச் செடிகளில் பல, பூவிலும் தேன் சுரப்பவை. அங்கே பூவின் தேன்சுரப்பியிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட ஒரு சொல் வேண்டும். 'தேன்முகிழ்' அந்த வேலையைச் செய்யாது. கையேட்டுக்கு ஒரு சொல், பாடநூலுக்கு ஒரு சொல் என்று போனால் பிள்ளை இரண்டையும் வெவ்வேறு உறுப்பு என்று நினைக்கும்.

எழுதியவர்: மென்பொருள் பணியாளர், பெங்களூரு

எல்லாரும் மன்னிக்கவும். தேன்சுரப்பியை ஆங்கிலத்தில் நெக்டரி என்பார்கள். நெக்டரி என்றே எழுதிவிட்டால் என்ன? பிள்ளை நாளைக்குக் கல்லூரியில் படிக்கப் போவது அந்தச் சொல்தானே? பேருந்து என்று எழுதிவிட்டு பஸ்ஸில்தான் ஏறுகிறோம்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

> நெக்டரி என்றே எழுதிவிட்டால் என்ன?

தம்பி, இந்தக் கேள்விக்கு எரிச்சல் இல்லாமல் பதில் சொல்கிறேன். கல்லூரிக்குப் போகாத பிள்ளையும் ஆவாரையைப் பார்க்கும். ஆடு மேய்க்கிற பெரியவரும் பார்ப்பார். அவர்களுக்கு 'நெக்டரி' எதையும் காட்டாது. 'தேன்' என்ற ஓரெழுத்து வைத்தால்கூட என்ன தேட வேண்டும் என்று புரிந்துவிடும். தூய்மைக்காக மட்டும் நான் வாதாடவில்லை.

(தேன் ஈரெழுத்து. பழக்கத்தில் வந்துவிட்டது.)

ஆவாரையின் பழம்பெயர் ஆவிரை. அந்தப் பெயரிலேயே பசுவைக் குறிக்கும் 'ஆ' இருப்பதைக் கவனித்தீர்களா? ஆவும் சுரக்கும், ஆவிரையும் சுரக்கும். 'பொன்னேர் ஆவிரைப் புதுமலர் மிடைந்த பன்னூல் மாலை' என்று குறுந்தொகையில் மடல்மாவுக்கு, அதாவது பனைமடல் குதிரைக்கு, சூட்டிய பூ இது. இந்தத் தொடர்பை யாராவது ஆராய வேண்டும்.

எழுதியவர்: களப் பணியாளர், சத்தியமங்கலம்

ஐயா, ஆவாரையில் ஆடுமாடு வாய் வைக்காது. மேய்ச்சல் நிலத்தில் மற்றதெல்லாம் மொட்டையாக நிற்கும்போதும் ஆவாரை மட்டும் பூத்து நிற்பதற்கு அதுதான் காரணம். ஆவோடு அதைச் சேர்ப்பது செடிக்கே ஒத்துவராது.

எழுதியவர்: தாவரவியல் ஆசிரியை, மதுரை

சுரபியும் ஒத்துவராது ஐயா. வடமொழியில் சுரபி என்பது மணத்தையும் தேவலோகப் பசுவையும் குறிக்கும் சொல். அந்தப் பாத்திரம் முதலில் யாரிடம் இருந்தது? ஆபுத்திரனிடம். பசு பாலூட்டிக் காத்த பிள்ளை, வேள்விக்கு நின்ற பசுவை மீட்டவன். மணிமேகலைக்கு அது கிடைத்த இடம் கோமுகிப் பொய்கை. கதை முழுக்கப் பசு இருக்கும்போது, பாத்திரத்தின் பெயரும் அந்தப் பசுவைக் குறிப்பது என்பதே பொருந்துகிறது. 'சுர' வேரிலிருந்து 'சுரப்பி' வரும், ஒற்று இரட்டித்து. 'சுரபி' எப்படி வரும்?

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

ஒற்று தொகுத்தல் விகாரத்தில் கெடும். விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

எழுதியவர்: பூச்சியியல் மாணவி, திருச்சி

முதல்முறை எழுதுகிறேன். 'எறும்புத்தேன்' என்று வைக்கலாம் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். குடிக்க வருவது எறும்பு மட்டுமில்லை. குளவி, ஈ, அந்துப்பூச்சி எல்லாம் வரும். பருத்தியில் இந்தத் தேன் தீங்கு செய்யும் பூச்சிகளையும் இழுக்கிறது என்பதால், இந்தச் சுரப்பியே இல்லாத பருத்தி வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஆகவே யார் குடிக்கிறார்கள் என்பதை வைத்துப் பெயர் வேண்டாம். இடத்தை வைத்த பெயரே நிலையானது. பூவெளித் தேன்சுரப்பிக்கு என் வாக்கு. பூவில் தேன் இல்லாத செடி ஆவாரை என்பதைக் கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டால் களப் பணியாளர் அண்ணன் சொன்ன குழப்பம் தீரும்.

எழுதியவர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் நன்றி. நாள் நெருங்கிவிட்டதால் இப்படிச் செய்கிறேன். அடையாளப் பகுதியில் 'தேன்முகிழ்' வரும். முதல்முறை வரும் இடத்தில் 'பூவெளித் தேன்சுரப்பி' என்று விளக்கம் சேர்க்கிறேன், கலைச்சொல் பட்டியலிலும் இரண்டும் ஒன்றே என்று போடுகிறேன். பூவுக்கு வெளியே என்பதைச் சொல்லும் பெயருக்கே பெரும்பாலோர் சாய்ந்தீர்கள். ஆனால் 'ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே ஒரு பூவெளித் தேன்சுரப்பி' என்று எழுதிப் பார்த்தால் வாக்கியம் நகரவில்லை. இலையடிச்செதில், பூவில் தேனில்லை என்ற குறிப்பு இரண்டும் சேர்ந்துவிட்டன. அமுதசுரபியை விட்டுவிட்டேன், ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை

அமுதசுரபியை விடுங்கள். முகிழ் என்றால் மொட்டு. 'குவிமுகிழ் எருக்கங் கண்ணி' என்பதில் வேறு பொருள் கொள்ள இடமே இல்லை. ஆவாரையில் இலைக்கோணத்திலிருந்து பூங்கொத்து வருகிறது. அதே காம்பில் 'தேன்முகிழைப் பார்' என்றால் பிள்ளை பூமொட்டைத்தான் எண்ணும். பொன்னாவிரையிலும் மொட்டு உண்டு. எதற்காகக் கையேடு எழுதுகிறீர்களோ அதே இடத்தில் தவறு நேரும். என் மறுப்பு இருக்கட்டும். சொல்லை மாற்ற நேரமில்லை என்றால், மொட்டையும் புடைப்பையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, புடைப்புக்கு மட்டும் அம்புக்குறி போடச் சொல்லுங்கள்.